வட்டி குறைஞ்சது சரி... எண்ணூர் பக்கம் வீடு வாங்குறவங்ககிட்ட புரோக்கர் சொல்லாத கணக்கு என்ன?

"ரேட் குறைஞ்சிருச்சு சார். மெட்ரோவும் வந்தாச்சு. இப்ப விட்டா சிட்டி லிமிட்ல இந்த விலைக்கு வீடே கிடைக்காது."

திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் வீடு தேடுகிற யாருக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்லை. புரோக்கர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே இது ஓடிக்கொண்டிருக்கும். இதில் பொய் என்று பெரிதாக எதுவும் இல்லை. வட்டி குறைந்தது உண்மை. மெட்ரோ வந்ததும் உண்மை. அண்ணா நகர், வேளச்சேரியை விட இங்கே விலை குறைவு என்பதும் உண்மை.

ஆனால் விலை ஏன் குறைவு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வட்டி விகிதம் பணத்தின் விலையைச் சொல்லும். அந்தப் பணத்தில் வாங்குகிற இடம் எப்படிப்பட்டது என்பதை அது சொல்லாது. எண்ணூர் மாதிரி ஒரு பகுதியில் முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது, பாதி வியாபாரம் அல்ல, பாதி ஏமாற்று. இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு விடாமல், சொல்லியே ஆக வேண்டிய கடமையாக மாற்ற வேண்டும்.

வட்டி உண்மையில் எவ்வளவு குறைந்தது?

2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அது 6.50 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் இரண்டு வருடம் அசையவே இல்லை. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று படிப்படியாக இறங்கியது. ஒரே ஆண்டில் 1.25 சதவீதப் புள்ளிகள்.

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், வெளியே இருக்கும் ஓர் அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே எடுத்துக்கொண்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். அதனால் வங்கிக் கடனில் இந்தக் குறைப்பு ஓரளவு சீக்கிரமே வந்து சேரும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்த விதி கிடையாது. அவை தங்கள் சொந்த அளவுகோலில்தான் வட்டி போடுகின்றன. "எல்லாருக்கும் ரேட் குறைஞ்சிருச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இங்கேயே தடுமாறுகிறது.

ஒரு கணக்கு போடலாம். 30 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம். வட்டி 8.75 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 26,511 ரூபாய். 7.50 என்றால் சுமார் 24,168. மாதம் 2,343 ரூபாய் மிச்சம். 20 வருடத்தில் ஏறக்குறைய 5.6 லட்சம்.

வட்டி இறங்கினாலும் இஎம்ஐ-யைக் குறைக்காமல் அதே 26,511 ரூபாயையே கட்டிக்கொண்டு போனால்? கடன் சுமார் 16 வருடம் 5 மாதத்தில் முடிந்துவிடும். மிச்சம் 11 லட்சத்தைத் தாண்டும். அதாவது இஎம்ஐ குறைவதை விட, தவணைக் காலம் குறைவதில்தான் உண்மையான லாபம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும் தனிநபரிடம் அபராதக் கட்டணமும் வாங்கக் கூடாது.

இறங்கியது ஏறவும் செய்யும். 2022-23-ல் பத்தே மாதத்தில் 2.5 சதவீதப் புள்ளிகள் ஏறின. அப்படி மறுபடி ஒருமுறை ஏறி 7.50 என்பது 10 ஆனால், அதே 30 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 28,951. இன்றைய இஎம்ஐ-க்கு மட்டும் சம்பளத்தைச் சரிபார்த்துக் கடன் வாங்கினால், அந்த 4,783 ரூபாய் எங்கிருந்து வரும்?

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

வட்டி குறைந்தாலும் குறையாத செலவு ஒன்று உண்டு. கைக்காசு.

40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக, இந்த ஃப்ளாட்டுக்கு அதிகபட்சம் 32 லட்சம் கிடைக்கும். மீதி 8 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து இன்னொரு 3.60 லட்சம். இந்த அளவு சொத்துக்குப் பத்திரச் செலவைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் தர முடியாது. மொத்தம் 11.60 லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ் தனி.

புது ஃப்ளாட்டின் முதல் விற்பனை என்றால் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரை மதிப்புள்ள ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். பதிவுக் கட்டணம் சேர்த்து 6 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. சென்னையில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள், 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம், இல்லையென்றால் 5 சதவீதம்.

"பிரதமர் வீட்டுத் திட்டத்துல மானியம் வரும்" என்பது இன்னொரு வாக்குறுதி. 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற 2.0 திட்டத்தில் வட்டி மானியம் இருப்பது உண்மை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. எல்லாம் பொருந்தினால் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணைகளில். 40 லட்சம் ஃப்ளாட்டுக்கு இதைக் காட்டி ஆசை காட்டினால், அது நடக்காத காரியம்.

எண்ணூர் பக்கம் ஏன் இப்போது பேச்சு?

2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்து முதல் மண்டலம் ஆயின. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் டெப்போ நிலையங்களும் திறந்தன. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பல தலைமுறை கவனிக்கப்படாமல் கிடந்த பகுதிக்கு இது வர வேண்டிய பங்குதான்.

ஆனால் விளம்பரத்தில் "மெட்ரோ பக்கத்துல" என்று போட்டால், எந்த நிலையம், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. கத்திவாக்கம், எண்ணூர் மக்களுக்கு இன்றும் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலும் பஸ்ஸும்தான். பைக்கில் வேலைக்குப் போகிறவர், துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு காட்டினால் இது கண்ணில் படாது.

"தெர்மலை மூடிட்டாங்க, இப்ப சாம்பல் எல்லாம் இல்ல" என்பதும் அப்படிப்பட்ட பாதி உண்மை. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது உண்மை. அதே எர்ணாவூரில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் இருப்பதும், அத்திப்பட்டு பக்கம் வட சென்னை அனல்மின் நிலையம் ஓடுவதும், அங்கே 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டதும் அதே அளவு உண்மை.

2023 டிசம்பர் என்ன சொன்னது?

ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. மணலியில் இருக்கும் சிபிசிஎல் வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் மீனவர்களின் வலையும் படகும் கறுப்பாகின. எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே எண்ணெய் கலந்த தண்ணீர் ஏறியது.

அடுத்து, டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. தூக்கத்தில் எழுந்து ஓடிய மக்களில் ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில், வீடு பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். வாழ்வாதாரம் இழந்த 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். மேலே போட்ட இஎம்ஐ கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் எண்ணெய் ஏறிய குடும்பத்துக்குக் கிடைத்தது, 30 லட்சம் கடனின் ஒரு மாத இஎம்ஐ-யில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. சுவரில் எண்ணெய் ஒட்டிய மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து இஎம்ஐ எடுக்கப்படும். சுத்தம் செய்கிற வரை வெளியே வாடகைக்கு இருந்தால் அதுவும் சேரும்.

இந்தப் பகுதியின் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலையில் கிடைக்கிற தள்ளுபடி, இந்த ஆபத்துக்கான ஈடு. ஆபத்தைச் சொல்லாமல் "விலை ஏறப் போகுது" என்று மட்டும் சொல்லி விற்கும்போது அந்த ஈடு வாங்குபவர் கைக்கு வராமல் விற்பவர் பைக்குப் போகிறது.

"பேங்க்கே லோன் கொடுக்குதே, அப்புறம் என்ன பயம்?"

இளம் வேலைக்காரர்கள் பலரும் நம்புகிற வாதம் இது. வங்கியின் வக்கீல் பத்திரம் பார்க்கிறார், மதிப்பீட்டாளர் வந்து அளக்கிறார், ஆக இடம் பத்திரமாகத்தான் இருக்கும் என்று.

அந்தச் சோதனை வங்கிக்காக நடக்கிறது. வாங்கியவர் கட்டாவிட்டால் சொத்தை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. காற்று எப்படி, தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது வங்கியின் கவலை இல்லை. 20 சதவீதம் முதலிலேயே வாங்குபவர் தலையில் இருப்பதால், விலை கொஞ்சம் சரிந்தாலும் முதலில் அடிபடுவது அவருடைய சேமிப்புதான்.

கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் பாலிசி பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கானது, வீட்டுக்கானது அல்ல. வீட்டுக்கு வெள்ளம், புயல் காப்பீடு வேண்டுமானால் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்கிறது. அதிலும் மாசால் வரும் சேதத்துக்கு என்ன விலக்கு இருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்து போட வேண்டும்.

சட்டம் புரோக்கரிடம் என்ன கேட்கிறது?

2016-ன் ரெரா சட்டப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய திட்டத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். பொய்யான தகவல் சொல்லி விற்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஓட்டை எங்கே? 500 சதுர மீட்டருக்கு மிகாத மனை, அல்லது 8 வீடுகளுக்கு மிகாத கட்டடம் என்றால் ரெரா பதிவே தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடு என்று கட்டி விற்பது திருவொற்றியூர் பக்கம் சகஜம். அவை எல்லாம் இந்த வலைக்கு வெளியே. கைமாறும் பழைய வீடுகளும் வெளியேதான். பதிவு செய்த திட்டத்தில்கூட பில்டர் காட்ட வேண்டியவை உரிமை ஆவணம், அனுமதி, வரைபடம், கால அட்டவணை போன்றவைதான். 2015-லும் 2023-லும் அந்த மனையில் தண்ணீர் எவ்வளவு நின்றது, அபாயகரமான ஆலை எவ்வளவு தூரம் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஜப்பானில் 2020 ஆகஸ்டிலிருந்து ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்னால் ஏஜென்ட், உள்ளாட்சி தயாரித்த வெள்ள அபாய வரைபடத்தை எடுத்து, அந்த வீடு அதில் எங்கே இருக்கிறது என்று காட்டி விளக்க வேண்டும். வாடகைக்கு வருகிறவருக்கும் இது பொருந்தும். அதனால் அங்கே வீடு விற்பது நின்றுவிடவில்லை. தெரிந்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்யலாம். வீட்டின் அளவு எதுவாக இருந்தாலும், புதுசோ பழசோ, விற்பனை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத் தாள் கட்டாயமாக இணைய வேண்டும். வெள்ளம் நின்ற விவரம், மாஸ்டர் பிளானில் நிலப் பயன்பாடு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, பக்கத்தில் இருக்கும் அபாயகரமான ஆலைகளும் குழாய்களும் எவை. கையெழுத்து விற்பவரும் ஏஜென்ட்டும் போட வேண்டும்.

"இப்படிச் சொன்னா வட சென்னையில யார் வாங்குவா?"

புரோக்கர்களின் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வட சென்னை என்றாலே சினிமாவிலும் பேச்சிலும் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதுதான் கொஞ்சம் முதலீடு வருகிறது. அதற்குள் ஆபத்து, மாசு என்று எழுதினால் பழையபடி ஓரம்கட்டுவதாகிவிடாதா?

அதற்காகத்தான் இந்த விதி எண்ணூருக்கு மட்டுமாக இருக்கக் கூடாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஃப்ளாட்டும், முடிச்சூரில் தண்ணீர் நிற்கும் வில்லாவும் அதே தாளைக் காட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றால் அவமானம் இல்லை. தவிர, ஆபத்தை மூடி வைப்பதால் எண்ணூருக்கு நன்மை வந்ததாகவும் தெரியவில்லை. குப்பத்து மக்கள் வருடக்கணக்காகச் சொல்லியும் கவனிக்கப்படாத விஷயம், லட்சக்கணக்கில் கடன் வாங்கியவர்களின் பத்திரத்தில் எழுதப்படும்போது, ஆலைகளும் அரசும் பதில் சொல்ல வேண்டிய அழுத்தம் கூடும். கால்வாய் சீரானால், குழாய்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால், அந்தத் தாளிலும் அது தெரியும். விலையும் நியாயமாக ஏறும்.

புரோக்கருக்கும் இதில் நஷ்டம் இல்லை. அவர் பிழைப்பு தெரிந்தவர் வாய்வழி வருகிற அடுத்த வாடிக்கையாளரில்தான் ஓடுகிறது. முதல் மழையிலேயே "ஏன்ணே சொல்லல?" என்று போன் வருகிற வீட்டை விற்றவருக்கு, அந்தத் தெருவில் இரண்டாவது வியாபாரம் கஷ்டம்.

விதி வரும்வரை என்ன செய்வது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாங்குபவர் தானே பார்க்க வேண்டியவை சில உண்டு.

- பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, வருவாய்த்துறை தளத்தில் பட்டா. புறம்போக்கு, கோயில் நிலம், உப்பள நிலம் என்று ஏதேனும் சிக்கல் இருக்கிறதா என்று சொந்தமாக ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டும். வங்கியின் வக்கீல் போதாது.
- சிஎம்டிஏ தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு நிலப் பயன்பாடு குடியிருப்பா, தொழிற்சாலையா என்று பார்க்க வேண்டும்.
- கடலோரம் மட்டுமல்ல, அலை ஏறி இறங்கும் ஆற்றோரமும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரலாம். முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய் பக்கம் வாங்கினால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.
- வீட்டை மூன்று முறை பார்க்கலாம்: ஒரு வேலை நாள் காலை, ஓர் இரவு, ஒரு மழை நாள். இரவில்தான் வாடை தெரியும்.
- 2023 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்வீட்டிலும் முனைக்கடையிலும் கேட்கலாம். சுவரில் கோடு காட்டுவார்கள்.
- இன்றைய வட்டியை விட 2 சதவீதம் கூட்டி இஎம்ஐ கணக்கு போட்டு, அதையும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒருவர் எர்ணாவூரிலோ கத்திவாக்கத்திலோ வீடு வாங்கலாம். அதில் தப்பே இல்லை. வேலை பக்கத்தில் இருக்கலாம், சொந்தபந்தம் அங்கே இருக்கலாம், கடல் காற்று பிடித்திருக்கலாம், அந்த விலைதான் கைக்கு எட்டுவதாக இருக்கலாம். ஆனால் பேரம் பேசும்போது 2023 டிசம்பரும் மேஜை மேல் இருக்க வேண்டும். 40 லட்சம் என்று சொன்ன வீடு 36 லட்சத்துக்கு இறங்கினால், ரெப்போ குறைப்பை விட அந்த 4 லட்சம் வாங்குபவருக்கு நிச்சயமான லாபம்.